பாவாடை விளிம்பில் ஈயக் குண்டு

1

என் பேத்தி சுதாவின் எடை கூடிவிட்டதாம். பள்ளிக்கூடத்து நர்ஸ் நிறுத்துப் பார்த்துவிட்டு, வயதுக்கு இருக்க வேண்டியதைவிட அதிகம் என்றும், அரைப்பருவ விடுமுறை முடிந்ததும் மறுபடி நிறுக்கப்போவதாகவும், அதற்குள் வீட்டில் சாப்பாட்டைக் கொஞ்சம் கவனித்தால் நன்றியுடையவளாக இருப்பேன் என்றும் எழுதியனுப்பியிருக்கிறாள். இந்த நாட்டு அலுவலகங்கள் திட்டினாலும் நன்றி சொல்லித்தான் முடிக்கும்.

காஞ்சிபுரத்தில் ஓய்வு பெற்று, இங்கிலாந்தில் கவென்ட்ரியில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்து எனக்கு இது மூன்றாவது குளிர்காலம். பள்ளிகளின் சுகாதாரத்தைக் கவனிக்கும் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தவன் நான். எந்தத் தாள் எந்த மேசைக்குப் போகும், எங்கே தூங்கும், யார் இருமினால் எழுந்திருக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. அந்தத் தைரியத்தில் இங்கே வந்த புதிதில் நூலகத்தில் சேரப் போனேன். முகவரிக்குச் சான்றாக எரிவாயு பில் கேட்டார்கள். வீடு மகன் பேரில், பில் மருமகள் பேரில். பில் இல்லாதவன் எங்கேயும் குடியிருக்கவில்லை என்பது இங்கே சித்தாந்தம். சுதா தன் அட்டையில் எனக்குப் புத்தகம் எடுத்துத் தருகிறாள். பத்து வயதுக்காரியின் அட்டைக்குப் பத்து வயதுப் புத்தகம்தான் கிடைக்கும். அதனால் குதிரைக்குட்டி வளர்ப்பதைப் பற்றி எனக்கு இப்போது நிறையத் தெரியும்.

சுதாவின் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காலையில் டப்பாவிலிருந்து கொட்டும் பொரி போன்ற ஒன்று, அதன்மேல் பால், அதன்மேல் சர்க்கரை. மதியம் பள்ளியில் உருளைக்கிழங்கு வறுவலும் மஞ்சள் கூழ் ஊற்றிய கேக்கும். சாயங்காலம் பாட்டுப் பாடிக்கொண்டு ஐஸ்கிரீம் வண்டி வரும். வெள்ளிக்கிழமை வீட்டில் அடுப்பே மூட்டுவதில்லை. மகனுக்குக் கார்த் தொழிற்சாலை, மருமகள் மாலதிக்குத் தபால் நிலையத்தில் பிற்பகல் வேலை, இருவரும் களைத்து வருகிற நாள். ஊரில் வெள்ளிக்கிழமை விரத நாள். இங்கே சிப்ஸ் நாள். மூலைக்கடையில் மீனும் சிப்ஸும் பழைய செய்தித்தாளில் பொட்டலமாகக் கட்டித் தருகிறார்கள். முதல்முறை அதைப் பார்த்தபோது, வெள்ளைக்காரனும் செய்தித்தாளின் உண்மையான பயனைக் கண்டுபிடித்துவிட்டான் என்று சந்தோஷப்பட்டேன்.

நர்ஸின் கடிதத்தைப் படித்துவிட்டு மாலதி ஒரு யோசனை சொன்னாள். வெள்ளிக்கிழமைச் சிப்ஸை நிறுத்துவது அல்ல; அதற்கு நேரமும் தெம்பும் வேண்டும். "நிறுக்கற அன்னிக்குக் காலைல ஒண்ணும் குடுக்காம அனுப்பிட்டாப் போதும் மாமா. முதல் நாள் ராத்திரியும் லைட்டா ஒரு சூப். முள்ளு எறங்கிடும்."

நான் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தேன். இதே வித்தையைத் தலைகீழாகப் பார்த்தவன் நான்.

2

அறுபதுகளின் கடைசி வருடங்கள். காஞ்சிபுரத்தில் ஓரிக்கைக்குப் போகிற வழியில், நெசவாளர் தெருக்களுக்கு நடுவே ஓர் ஆரம்பப் பள்ளி. மதியம் பிள்ளைகளுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த மஞ்சள் மாவில் உப்புமா. அதுபோகக் காலையில் ஒரு டம்ளர் பாலும் ஒரு வேர்க்கடலை உருண்டையும் கொடுக்கும் திட்டம் ஒன்று புதிதாக வந்திருந்தது. முதல் வருடம் எல்லாருக்கும் கொடுத்தார்கள். எல்லாருக்கும் கொடுப்பது எந்த அரசாங்கத்துக்கும் உறுத்தும். இரண்டாம் வருடத்திலிருந்து, எடை குறைந்த பிள்ளைகள் அதிகமாக உள்ள பள்ளிகளுக்கு மட்டும் என்று ஆணை வந்தது. ஆகவே நிறுக்க வேண்டும்.

அந்தத் தெருக்களில் முகூர்த்த மாதங்களில் விடிவதற்கு முன்பே தறிச் சத்தம் தொடங்கிவிடும். புருஷன் தறியில், பெண்டாட்டி ராட்டையில். காலையில் சமைக்க யாருக்கும் கை ஓயாது. டீக்கடையிலிருந்து தூக்கில் டீயும், அதில் தோய்த்துத் தின்னப் பொறையும் வரும். பொறை என்பது காய்ந்து இறுகிய ரொட்டி. வயிற்றுக்குள் போய் ஊறி, சாப்பிட்டது போல ஒரு பிரமையைக் கொடுக்கும். அப்புறம் பள்ளி வாசலில் பஜ்ஜிச் சட்டி. பிள்ளை கையில் ஒரு காசைக் கொடுத்துவிட்டால் மதியச் சாப்பாட்டுக் கவலையும் தீர்ந்தது. பஜ்ஜிக்கு முன்னால் மஞ்சள் உப்புமா நிற்குமா? பிள்ளைகள் அதை மோந்து பார்த்துவிட்டு வாசலுக்கு ஓடும். பசியை அடைக்கப் பஜ்ஜியைப் போல மலிவானது கிடையாது, உடம்பை வளர்க்க அதைப் போல உதவாததும் கிடையாது என்று எங்கள் டாக்டர் சொல்வார். சொல்லும்போது அவர் கையில் ஒன்று இருக்கும்.

நிறுப்பதற்கு முன் பெற்றோருக்கு ஒரு சுற்றறிக்கை போனது. வாசகம் மேலிடத்துடையது. 'மாணவர்களின் எடை பரிசோதிக்கப்படும். குறைவாக உள்ளவர்களின் விவரம் மேல்நடவடிக்கைக்கு அனுப்பப்படும்.' மேல்நடவடிக்கை என்றால் பால் என்று அதில் எங்கும் இல்லை. நல்ல செய்தியைச் சொல்ல எங்கள் துறையில் வார்த்தைகள் கிடையாது.

குறித்த நாளில் போனோம். டாக்டர் முள்ளைப் பார்த்துச் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். ஆச்சரியமாக இருந்தது. குச்சிக் கால்களும் வெளுத்த கண்ணுமாக நின்ற பிள்ளைகள் மேடையில் ஏறியதும் முள் கௌரவமாக வலப்பக்கம் போய் நின்றது. நெசவாளர் பிள்ளைகளின் ஊட்ட நிலை திருப்திகரம் என்று அறிக்கை போயிற்று. மேலிடம் மகிழ்ந்து, அந்தப் பள்ளியின் பாலை நிறுத்தி ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றியது.

3

ஒரு மாதம் கழித்து அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை மங்களம் டீச்சர் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். "எங்க பிள்ளைங்க பத்து மணிக்கு மேல தூங்குதுங்க சார். பாடம் போரடிச்சுத் தூங்கல, தெம்பில்லாமத் தூங்குதுங்க. உங்க மெஷின்ல மட்டும் எப்படி எடை ஏறுது?"

ஏறிய விதத்தையும் அவரே சொன்னார். எடை பார்த்த அன்று காலை மணி அடிப்பதற்கு முன்பே பஜ்ஜிச் சட்டி காலியாகிவிட்டதாம். தெரு முழுக்கப் பிள்ளைகளுக்குப் பழையதும் பஜ்ஜியும் திணித்து, அதன்மேல் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்க வைத்து அனுப்பியிருக்கிறார்கள். நாங்கள் வண்டியேறியதும் கிணற்றடியில் வரிசையாக வாந்தி. மூன்றாம் வகுப்பில் தேவகி என்றொரு பெண். அவள் பாவாடை விளிம்பில் ஈயக் குண்டுகளே வைத்துத் தைத்திருந்ததாம். பூ வேலை செய்யும் தறியில், நூலை நேராக இழுத்துப் பிடிக்கக் கீழே தொங்கவிடும் குண்டுகள். டீச்சர் அன்று சாயங்காலம்தான் அதைக் கவனித்திருக்கிறார். அப்பனுக்கு அவமானமாகப் போகும் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் பால் நின்றதிலிருந்து அந்தப் பெண் இருமிக்கொண்டே இருக்கிறாள். ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்டியதில், மருந்து அப்புறம், முதலில் பாலும் முட்டையும் கொடு என்றிருக்கிறார்.

இருவரும் தேவகியின் வீட்டுக்குப் போனோம். அவள் அப்பா பெயர் கச்சபேசன். தறிக் குழியில் கால்களை விட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தேவகி. கரை ஒரு நிறமும் உடல் ஒரு நிறமுமாக நெய்கிற சேலைக்கு நெய்பவரோடு இன்னொரு கை வேண்டும். பள்ளிக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் அது அவள் கை. எங்களைப் பார்த்ததும் கச்சபேசனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மறைக்கவில்லை.

காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவன் எடைக்குப் பயந்தே வாழ்கிறவன். முதலாளி பட்டையும் ஜரிகையையும் நிறுத்துக் கொடுப்பார். சேலை முடிந்து வந்ததும் மறுபடி நிறுப்பார். குறைந்தால் திருட்டு. அதற்கு விசாரணை கிடையாது, தராசு சொன்னால் சொன்னதுதான். அந்தப் பயத்தில் சிலர் சேலையை ஒரு ராத்திரி ஈர மணலுக்குப் பக்கத்தில் வைத்து எடை ஏற்றுவதும் உண்டு. அப்படிப்பட்ட ஊருக்குத்தான் எங்கள் மேலிடம் அந்தச் சுற்றறிக்கையை அனுப்பியது.

"கொறஞ்சா மேல அனுப்புவோம்னு எழுதியிருந்தீங்களே சார்" என்றார் கச்சபேசன். "பட்டு எடை கொறஞ்சா நான் திருடிட்டேன்னு அர்த்தம். பிள்ள எடை கொறஞ்சா? அவ சோத்த நான் தின்னுட்டேன்னுதான அர்த்தம்?"

எடை குறைந்தால் பால் கிடைத்திருக்கும் என்று டீச்சர் எடுத்துச் சொன்னார். கச்சபேசன் ஊடை நூல் ஓட்டும் நாடாவைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "எடை கொறஞ்சதுக்குப் பால் குடுக்கறாங்களா? எங்க மொதலாளிகிட்டப் போய்ச் சொல்லிடாதீங்க சார். சிரிச்சிக்கினே உசுர வுட்டுடுவாரு."

தேவகிக்கு இருமல் வந்தது. அதன்பின் அவர் சிரிக்கவில்லை.

வழி என்ன என்று கேட்டார். ஒருமுறை கையெழுத்தான எடையை மாற்ற வேண்டுமானால், அது தவறு என்று யாராவது எழுத்தில் சொல்ல வேண்டும். இயந்திரம் தவறு என்றால் அது பழுது பார்க்கச் சென்னைக்குப் போகும், திரும்பாது. டாக்டர் தவறு என்றால் அதை டாக்டரே சொல்ல வேண்டும், சொல்ல மாட்டார். மிச்சம் இருப்பது பெற்றோர்.

"எடையில கை வச்சவன்னு ஒரு தபா பேர் வந்துட்டா, அப்புறம் எவனும் பட்டு குடுக்க மாட்டான் சார்" என்றார். தறி நூலைத் தடவிக்கொண்டே, யாரிடமோ சொல்வது போல, "பட்டு மேல ஒரு நாளும் கை வச்சதில்ல. பிள்ள மேலதான் வச்சேன்" என்றார்.

அடுத்த வாரம் அலுவலகத்துக்கு வந்தார். மனுவை நானே எழுதி வைத்திருந்தேன். 'என் மகளின் எடை சரியாகப் பதிவாகவில்லை எனக் கருதுகிறேன், மறுபரிசோதனை வேண்டுகிறேன்.' ஈயமும் இல்லை, தண்ணீரும் இல்லை. காரணம் சொல்லாமல் காரியம் கேட்பது எங்கள் தொழிலின் உச்சம். ஒரு பிள்ளையின் எடை தவறு என்று நிரூபணமானால் பள்ளி முழுவதையும் திரும்ப நிறுக்க விதியில் இடம் உண்டு. பெண்ணுக்குப் பாலும் கிடைக்கும், அப்பனுக்குப் பேரும் கெடாது. அவர் இரண்டு முறை படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார்.

4

சுதா இப்போதே ஒத்திகை பார்க்கத் தொடங்கிவிட்டாள். குளியலறையில் ஒரு எடை மேடை இருக்கிறது. இந்த நாட்டில் மனிதர்களைக் கல் கணக்கில் நிறுக்கிறார்கள். ஆள் இத்தனை கல், இத்தனை பவுண்டு. அதில் ஏறி, கை கழுவும் தொட்டியை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். விரலை அழுத்த அழுத்த முள் இறங்குகிறது. கதவிடுக்கில் என்னைப் பார்த்ததும், "இட்ஸ் ஜஸ்ட் எ கேம், தாத்தா" என்றாள்.

இரண்டு நாளாகத் தட்டில் பாதியை ஒதுக்கிவிட்டு எழுந்துகொள்கிறாள். ஏன் என்று கேட்டால், "நான் பசி இல்லை" என்கிறாள். அவள் தமிழ் அப்படித்தான் இருக்கும், நான் திருத்துவதில்லை. ஆனால் சொல்லி முடிப்பதற்குள் அவள் வயிறு வேறொரு பதில் சொல்லிவிடுகிறது. அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படுவதில்லை. மாலதியிடம் சொன்னேன். "ஒரு வாரம்தானே மாமா, தாங்குவா" என்றாள். அவளும் அன்று சாப்பிடவில்லை. தபால் நிலையத்தில் சக ஊழியர்கள் யாரோ, உங்கள் ஊரில் பிள்ளைகளைப் பட்டினி போடுவீர்கள், இங்கே வந்து கொழுக்க வைக்கிறீர்கள் என்று வேடிக்கையாகச் சொன்னார்களாம்.

5

மறுபரிசோதனைக்கு இந்த முறை சுற்றறிக்கை போகாமல் பார்த்துக்கொண்டேன். கச்சபேசனுக்கு மட்டும் டீச்சர் முதல் நாள் சொல்லியிருந்தார். அவர் தன் மகளிடம், நாளைக்குத் தண்ணீரும் வேண்டாம், குண்டும் வேண்டாம், இருக்கிறபடியே போய் நில் என்று சொல்லியிருக்கிறார். ஏன் என்று சொல்லவில்லை. எட்டு வயதுப் பெண்ணிடம் மனு, விதி, மறுபரிசோதனை என்றெல்லாம் யார் விளக்குவார்கள்? அவளுக்குப் புரிந்தது ஒன்றுதான். அப்பா சோர்ந்துபோய்விட்டார், அவரைத் திருடன் என்று சொல்லப்போகிறார்கள்.

டாக்டர் தேவகியைத்தான் முதலில் ஏற்றினார். முள் போன தடவை நின்ற இடத்துக்கே போனது, கொஞ்சம் தாண்டியும் போனது.

"சரியாத்தானேய்யா இருக்குது? எவன் தப்புன்னு எழுதிக் குடுத்தது?" என்று என்னைப் பார்த்தார். மனு கொடுத்தவரின் பிள்ளையே சரியான எடை என்றால் கோப்பை மூடிவிட வேண்டியதுதான். பள்ளிக்குப் பால் இனி அடுத்த வருடம். மங்களம் டீச்சர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பேனாவைத் திறந்தேன்.

கச்சபேசன் வாசற்படியில் நின்றிருந்தார். அவர் பார்வை முள்ளில் இல்லை, பாவாடையில் இருந்தது. கழுவிக் கழுவிச் சுருண்டுபோன பழைய சீட்டித் துணி, அன்று குண்டு கட்டிய தறி நூல் போல நேராகத் தொங்கியது. நெசவாளிக்கு அது போதும். உள்ளே வந்து மகளுக்கு முன்னால் மண்டியிட்டு, விளிம்புத் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தார். குண்டுகள் சிமெண்டுத் தரையில் விழுந்து, ஒன்று உருண்டுபோய் டாக்டரின் செருப்பில் முட்டி நின்றது. வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது.

தேவகி தானாகவே டாக்டரிடம் சொன்னாள்.

"நான்தான் தச்சேன் சார். எங்கப்பாக்குத் தெரியாது. எங்கப்பா என் சோத்தத் தின்னல சார்."

டாக்டர் அவளைக் கையைப் பிடித்து மறுபடி ஏற்றினார். முள் போய் நின்ற இடத்தை அவர் உரக்கச் சொல்லவில்லை. என் பக்கம் குனிந்து சொன்னார். பள்ளி முழுவதையும் மறுநாள் காலையிலிருந்து, வெறும் வயிற்றில், ஒவ்வொரு வகுப்பாகத் திரும்ப நிறுத்தோம். எல்லாம் விதிப்படி நடந்தது. முள் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. பார்க்கச் சகிக்கவில்லை.

நான் எழுதிய மனுவில் கச்சபேசனின் பேருக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் வகுப்புப் பிள்ளைகள் மதியம் வீட்டுக்குப் போனார்கள். சாயங்காலத்துக்குள் எல்லாத் தறியிலும் அதே பேச்சு. பிள்ளை எடையிலேயே ஈயம் வைத்தவன் பட்டில் என்னென்ன வைத்திருப்பானோ என்று முதலாளி கேட்டதாகச் சொன்னார்கள். அந்த வாரமே ஆள் வந்து, பாதி நெய்திருந்த சேலையோடு, தறியில் கட்டியிருந்த பாவு நூலையும் அறுத்து எடுத்துப் போனான். ஓடுகிற பாவு நூலை அறுப்பது அந்தத் தெருவில் சாவுக்குச் சமம். அக்கம்பக்கத்தார் தங்கள் தறிகளை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள். துக்கம் விசாரிக்கத்தான் ஒருவரும் உள்ளே போகவில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் தண்ணீர் குடித்துவிட்டுப் போனவர்கள்தான். வேறு எந்த முதலாளியும் கச்சபேசனுக்குப் பட்டு கொடுக்கவில்லை. பெங்களூர்ப் பக்கம் விசைத்தறி வேலைக்குக் குடும்பத்தோடு போய்விட்டார்.

பங்குனியில் ஆணை வந்தது. பள்ளிக்குப் பால் திரும்பியது. முதல் நாள் மேற்பார்வைக்கு நானும் போயிருந்தேன். எடை பார்த்த வரிசையில் பேர்களைக் கூப்பிடச் சொல்லியிருந்தார்கள். அதில் முதல் பேர் தேவகி. மங்களம் டீச்சர் பழக்கத்தில் டம்ளரை நிரப்பிவிட்டுப் பேரைக் கூப்பிட்டார். கூப்பிட்ட பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. ஊர் மாறிப்போன பிள்ளையின் பங்கைத் திருப்பி ஊற்றிக் கணக்கில் காட்ட வேண்டும் என்பது விதி. அதை நான் எடுத்துச் சொன்னேன். டீச்சர் அந்த டம்ளரை மேசை ஓரத்துக்கு நகர்த்திவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார். மதிய மணி அடிக்கும்வரை அது அங்கேயே ஆடை படிந்து இருந்தது.

அந்தப் பெண்ணின் இருமல் நின்றதா என்று எனக்குத் தெரியாது. விசாரித்து அறிய எங்களிடம் நடைமுறை எதுவும் இல்லை. நல்ல மனுதான் அது. இன்றைக்கு எழுதச் சொன்னாலும் அப்படித்தான் எழுதுவேன்.

6

சுதாவை நிறுக்கிற நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. முதல் நாள் இரவு சூப், காலையில் ஒன்றுமில்லை. மாலதி எடை குறைந்த சட்டையாகத் தேடி எடுத்துப் போட்டுவிட்டாள். பள்ளிவரை நான்தான் கூட நடந்தேன். புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. என் கோட்டுப் பையில் ஒரு வாழைப்பழம் இருந்தது. இரண்டு முறை நீட்டினேன், இரண்டு முறையும் தலையாட்டிவிட்டாள்.

வாசலில் நின்று கழுத்துத் துணியைக் கழற்றினாள். பிறகு தலையிலிருந்த ஊசிகள். பிறகு ஊரில் வாங்கிப் போட்ட மெல்லிய வளையல்கள். ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்தாள். எல்லாம் சேர்ந்தாலும் அந்த முள் அசையாது. சொன்னால் நம்புகிற நிலையில் அவள் இல்லை. கடைசியாகக் கேட்டாள்.

"நான் ஹெவியா இருந்தா மம்மிய டெல் ஆஃப் பண்ணுவாங்களா, தாத்தா?"

"திட்ட மாட்டாங்கம்மா" என்றேன். இந்த ஊரில் அதற்கு என்ன நடைமுறை என்று எனக்குத் தெரியாது. தெரியாத நடைமுறையைப் பற்றி வாழ்க்கையில் நான் உறுதி சொன்னது அதுதான் முதல் தடவை. நம்பிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

எடை குறைந்திருந்தது. நர்ஸ் சந்தோஷப்பட்டு, அம்மாவுக்கு என் பாராட்டைச் சொல் என்றாளாம். மாலதி அதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். அன்று சாயங்காலம் வழக்கத்தைவிடப் பெரிய பொட்டலமாக வாங்கி வந்தாள். செய்தித்தாளைப் பிரித்தபோது வீடெல்லாம் எண்ணெய் வாசனை. சுதா ஒரு வாரப் பசியோடு அதைப் பார்த்தாள். கை கொள்ளும் மட்டும் எடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, மாலதி சமையலறைக்குள் போன நேரம் பார்த்துத் தன் தட்டிலிருந்ததில் பாதிக்கு மேல் என் தட்டில் தள்ளிவிட்டாள்.

"நீ தின்னு தாத்தா. சீக்கிரம்."

கச்சபேசனின் ஊரிலிருந்து வந்தவன் நான். பிள்ளை சோற்றில் கை வைப்பது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். சமையலறையில் குழாய்ச் சத்தம் நிற்கப்போவதாக இருந்தது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தின்றேன்.